டட்டில் குடும்பத்து இருக்கை

ஞாயிறு ஆராதனையும் ஊர்க்கூட்டமும் நடக்கும் சபைக் கட்டடத்தில் அன்று இருந்தவர்கள்: கூட்டத் தலைவர் டீக்கன் பார்மென்டர். ஓட்டுரிமையுள்ள நிலக்காரர்கள் அறுபத்திரண்டு பேர். ஷெரிப்பின் ஆள் ஏனோஸ் விட்கம், இடது காலில் மூன்றே விரல்களோடு. கல்லூரியைப் பாதியில் விட்டு மாவட்டச் சிறையில் இரவுக் காவல் பார்க்கும் நான். கடைசியாக, வந்திருக்கவே கூடாத ஆசகேல் டட்டில்.

1787 டிசம்பர் அது. சென்ற குளிர்காலத்தில் ஆசகேல் தொப்பியில் கலகக்காரர்களின் அடையாளமான பச்சை இலைக்கொத்தைச் செருகிக்கொண்டு, கடனுக்கு நிலத்தைப் பறித்த நீதிமன்றங்களை மூடுவதற்காகத் துப்பாக்கியோடு போனான். அரசுப் படையினரின் தொப்பியில் வெள்ளைக் காகிதம் இருந்தது. ஏனோஸ் அந்தக் காகிதத்தோடு பனிப்புயலில் கலகக்காரர்களைத் துரத்தி நடந்ததில்தான் இரண்டு விரல்கள் குளிரில் விறைத்து அழுகிப் போயின. ஆசகேல் எல்லை தாண்டி வெர்மான்டுக்குத் தப்பினான். சரணடைந்த மற்றவர்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவன் மேல் மட்டும் வாரண்ட் நின்றது. பிடிபட்டால் தூக்கு என்று பேச்சு.

நாட்டுக்குப் புதிதாக எழுதப்பட்ட அரசமைப்பை ஏற்பதா என்று முடிவு செய்ய, பாஸ்டனில் கூடும் மாநாட்டுக்கு ஊர் சார்பில் ஒருவரை அனுப்ப வேண்டும். டீக்கன் போவதில் தகராறு இல்லை. ஆனால் எங்கள் பிரதிநிதி ஊர் எழுதிக்கொடுத்த தாளோடுதான் போவார். அந்தத் தாளில் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை. இன்னொரு கலகத்தைத் தாங்க முடியாது, பலமான மத்திய அரசு வேண்டும், அப்படியே ஒப்புக்கொள் என்றது ஒரு பாதி. அது நம் கழுத்துக்குக் கயிறு, கிழித்துப் போடு என்றது மறு பாதி. இரண்டு மணி நேரம் இதையே மாற்றி மாற்றிக் கத்தினார்கள்.

அப்போதுதான் ஆசகேல் உள்ளே வந்து, தன் குடும்பம் விலைக்கு வாங்கிய இருக்கையில் உட்கார்ந்தான். கலகத்தில் சேர்ந்து ஓட்டுரிமை இழந்தவன் இங்கே பேச முடியாது என்றார் டீக்கன்.

"ஓட்டைத்தான் பறிச்சீங்க ஐயா. இந்தப் பலகை இன்னும் எங்க அப்பா பேர்லதான் இருக்கு. நான் பேசலாமான்னு ஊரைக் கேளுங்க."

சொந்த இருக்கை உள்ளவன் அப்படிச் சொன்னால் ஊரைக் கேட்டாக வேண்டும். சம்மதிப்பவர்கள் வலப்பக்கச் சுவரோரம் போய் நிற்பது வழக்கம். யாரும் அசையவில்லை. எல்லோரும் ஏனோஸைப் பார்த்தார்கள். அவன் விந்தி விந்தி வலப்பக்கம் போனான். பின்னாலேயே பாதிக்கு மேல் போய்விட்டார்கள்.

"கால் எப்படி இருக்கு, ஏனோஸ்?" என்றான் ஆசகேல்.

"ரெண்டு விரல் கம்மியா இருக்கு. சீக்கிரம் பேசி முடி. வாரண்ட் என் பையிலதான் இருக்கு."

ஆசகேல் எழுந்து நின்றான். நேற்றுத்தான் யோசித்த பேச்சு அல்ல அது.

"நம்மளப் பார்த்துப் பயந்துதான் அவங்க பலமான அரசாங்கம் கேக்குறாங்க. இருக்கட்டும், பலத்தைக் குடுங்க. நாங்க எழுதின மனுவை ஒருத்தரும் படிக்கலன்னுதான் துப்பாக்கிய எடுத்தோம். பேசுறதுக்கும், கூடுறதுக்கும், நம்ம ஊர்க்காரங்க முன்னாடியே விசாரிக்கப்படுறதுக்கும் நமக்கு இருக்குற உரிமைய அந்த அரசமைப்புலயே எழுதச் சொல்லுங்க. எழுதலன்னா அடுத்த தடவையும் இதேதான் நடக்கும்."

ஆசகேலை டீக்கனுக்கு என்றைக்குமே பிடிக்காது. ஆனாலும் அவர் பேனாவை மையில் தோய்த்தார்.

"மெதுவா சொல்லு. எழுதணும்."

அவன் சொன்னதை வார்த்தை மாற்றாமல் எழுதினார். நாற்பத்தொரு பேர் வலப்பக்கம் நின்று அதை நிறைவேற்றினார்கள். அதற்குப் பிறகே ஏனோஸ் அவன் தோளில் கை வைத்தான்.

சிறைக்கு இரண்டு மைல். நானும் கூடவே நடந்தேன். விலங்கு பூட்டவில்லை. ஏனோஸ் பின்தங்கியபோதெல்லாம் ஆசகேல் நின்று காத்திருந்தான். வழியெல்லாம் காடு. ஓடியிருந்தால் எங்களால் பிடித்திருக்க முடியாது. ஏன் ஓடவில்லை என்று வாசலில் கேட்டேன்.

"ஓடிப்போனவன் சொன்னதுன்னு அந்தத் தாளைக் கிழிச்சுடுவாங்க."

தொப்பியைக் கழற்றி, தாழ்வான வாசலில் தலை குனிந்து அவனாகவே உள்ளே போனான். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.