சிவப்பு எச்சரிக்கைக்கு வருகிறவள்

வங்காள விரிகுடாவில் கிளம்பிய ஒரு புயலை இடது குதிகாலால் மிதித்து நிறுத்தியவன் நான். செருப்புகூடப் போட்டிருக்கவில்லை. காக்கிநாடா வரைக்கும் அலைகள் என்னைக் கேட்டுக்கொண்டுதான் மடிந்தன. என் மைத்துனன் ஏகாம்பரம் இதை நம்பவில்லை. பென்ஷன் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தன் புகைப்படத்தையே நம்பாதவன் அவன்.

எங்கள் கடலூரில் புயல் எச்சரிக்கை வந்தால் இறந்தவர்கள் வருவது வழக்கம். எல்லோரும் இல்லை. வீட்டுச் சாமான் மேல் அக்கறை உள்ளவர்கள் மட்டும்.

என் மனைவி குமுதவல்லிக்கு அக்கறை அதிகம். மஞ்சள் எச்சரிக்கைக்கு வளையல் சத்தம் மட்டும் கேட்கும். ஆரஞ்சுக்கு இரண்டு கைகள் வந்து தையல் மிஷினைப் பரணில் ஏற்றும். சிவப்பு என்றால் முழு ஆளாக வருவாள். நான் எதையும் ஒழுங்காக மேலே ஏற்றமாட்டேன் என்பது அவளுடைய உறுதியான கருத்து.

போன ஐப்பசியில் முழுசாக வந்தாள். "இந்தாங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன்" என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துப் புயல் ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டது. எச்சரிக்கையை விலக்கிவிட்டார்கள். திறந்த வாயோடு மறைந்து போனாள். அதன்பிறகு வருஷம் முழுக்க நல்ல வெயில். வானம் அவ்வளவு துப்புரவாக இருந்ததை என்னால் சகிக்க முடியவில்லை.

இந்தக் கார்த்திகையில் மறுபடி சிவப்பு வந்தது. ஆனால் மத்தியானத்துக்குள் கடலூரை எச்சரிக்கையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றும் பேச்சு அடிபட்டது. குமுதவல்லி சிவப்பு என்றதும் குதித்து வந்துவிடுகிறவள் அல்ல. வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஏகாம்பரத்தை இழுத்துக்கொண்டு வானிலை அலுவலகத்துக்கு ஓடினேன்.

அங்கே முன்னறிவிப்பு எவ்வளவு தூரமோ தாழ்வாரமும் அவ்வளவு நீளம். இன்றைக்கான அறை தெளிவாக இருந்தது. நாளைக்கான அறையின் கதவு ஒரு பக்கம் கலங்கியிருந்தது. அடுத்த அறையில் நாற்காலிகள் இருக்கக்கூடும் என்று ஒரு பலகை தொங்கியது. கடைசி அறை மட்டும் மூன்றாக இருந்தது. ஏகாம்பரம் மூன்றையும் தட்டிப் பார்த்தான். மூன்றிலிருந்தும் "இருங்க, வர்றேன்" என்று அவனுடைய குரலே கேட்டது.

இன்றைக்கான அறைக்குள் போனோம். தரையில் கடல் விரித்திருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி, விசிறி மாதிரி அகன்று கிடந்தது. புயல் எங்கெல்லாம் போகலாமோ அவ்வளவும் அந்தத் துணிக்குள். அதிகாரி ஜெசிந்தா முழங்காலிட்டு அதன் தெற்கு ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு சுருட்டு சுருட்டினால் கடலூர் வெளியே வந்துவிடும்.

நான் குதிகாலை வைத்தேன். துணி நின்றது. புயலும் நின்றது.

"காலை எடுங்க சார்."

"எங்க ஊரு உள்ளயே இருக்கட்டும்மா."

"உங்களுக்குப் புயல் வேணுமா?"

"புயல் வேணாம். வரலாம்னு இருந்தா போதும்."

குமுதவல்லி விஷயத்தைச் சொன்னேன். ஜெசிந்தா தலையாட்டினார். அவருக்கு இது புதிதல்ல.

"வராத புயலுக்கு இன்னிக்கு ஊரையே பள்ளிக்கூடத்துல உக்கார வச்சா, வர்ற புயலுக்கு ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்க சார்."

"அப்ப வராதுன்னு உறுதியாச் சொல்லிடுங்க."

"உறுதியாச் சொல்ல முடியாது."

"அப்ப காலை எடுக்க முடியாது."

சுவரோரம் காலி மீன்கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் அஞ்சலாட்சி.

"பெரியவரே, எங்க ஊட்டுக்காரரு படகோட காரைக்கால்ல ஒதுங்கிக் கெடக்குறாரு. சிவப்பு எறங்குனாத்தான் கெளம்புவாரு. உங்க ஊட்டம்மா சிவப்புக்கு வராங்க, எங்க ஆளு பச்சைக்கு வராரு. நா என்ன பண்றது?"

என் கால் தளர்ந்தது. துணி ஒரு விரற்கடை நழுவியது. எங்கோ ஒரு வளையல் ஒலித்து நின்றது. மறுபடி அழுத்தினேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கால் இங்கே இருந்தால்தான் குமுதவல்லி வீட்டுக்கு வருவாள். அவள் வரும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

"மச்சான், நீ போயி உங்கக்கா என்ன சொல்ல வந்தாள்னு கேட்டுட்டு வா."

"செத்தவள எப்படி மாமா கேக்குறது?"

"அக்கான்னு கூப்பிடு."

"வர்றவளா இருந்தா எங்கிட்ட ஒரு தடவ வந்திருக்க மாட்டாளா?"

"நீ மூணாவது மாடியில குடியிருக்க. உன்னப் பத்தி அவளுக்கு என்ன கவலை?"

போனான், என்னைத் திட்டிக்கொண்டே.

நான் நின்றேன். கடல் என் பாதத்துக்கு அடியில் மூச்சு முட்டியது. அஞ்சலாட்சி கூடையைக் கவிழ்த்து அதில் என்னை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் பாரம் குறைந்துவிடும் என்று மறுத்துவிட்டேன்.

குமுதவல்லி சொல்ல வந்தது சின்ன விஷயமாக இருக்கலாம். சிலிண்டருக்குச் சொல்லிவைக்கச் சொல்லியிருக்கலாம். என்மேல் ஏதாவது வருத்தமாகவும் இருக்கலாம். வருஷம் முழுக்க அந்த வாக்கியத்தை நானே முடித்து முடித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட அவள் குரலில் அமையவில்லை.

ஏகாம்பரம் திரும்பி வந்தான். வலது காது செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தது. பென்ஷன் வாங்குகிற ஒருவன் காதைத் திருக உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு.

"என்ன சொன்னா?"

"எங்கிட்ட சொல்ல மாட்டாளாம். உங்ககிட்டதான் சொல்லணுமாம்."

நான் அசையவில்லை. அஞ்சலாட்சியைப் பார்த்தேன். அவள் காரைக்கால் இருக்கும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பேச்சுதான பெரியவரே. கேட்டுட்டு ஓடியாங்க. எங்களுக்குக் காத்திருந்து பழக்கம்."

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏகாம்பரம் செருப்பைக் கழற்றினான். என் குதிகாலுக்குப் பக்கத்தில் தன் குதிகாலை வைத்து அழுத்தினான். அவன் உடம்பு ஒரு முறை ஆடி நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இழுக்குது மாமா."

"எது?"

"புயலுதான். நீங்க சொன்னது நெசம். ஓடுங்க, அக்கா நின்னுக்கிட்டே இருக்கா."