கெட்டில் தீவின் வலப்பக்கம்

என் வீட்டுச் சுவர்களில், கல்லில் வரைந்து தாளில் ஒற்றியெடுத்த நாற்பத்திரண்டு கல்லச்சுப் படங்கள் தொங்குகின்றன. எல்லாமே எங்கள் மெய்ன் கடற்கரைதான். பாறை, நீர்க்காகம், சீல், ஈடர் வாத்து, மூடுபனியில் பாதி மறைந்த ஸ்ப்ரூஸ் மரங்கள். அவற்றில் முப்பத்தொன்று காரின் தாக்ஸ்பி என்ற பெண் ஓவியர் வரைந்தவை. அந்த அம்மாள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோடைதோறும் பாஸ்டனிலிருந்து வந்து, தீவு தீவாகச் சுற்றி வரைந்துவிட்டுப் போனவள்.

நான் முப்பத்தெட்டு வருஷம் இந்தத் தண்ணீரில் தபால் படகு ஓட்டியவன். படம் விலைக்கு வந்தால் முதலில் கடல் வரைபடத்தை மேசையில் விரிப்பேன். எந்தத் தீவு, எந்தத் திசையிலிருந்து பார்த்தது, பாறை சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். ஒரு பாறை இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன், கூடவே ஒரு கடிதமும் போகும். என் கடிதம் வந்தாலே வியாபாரிகள் முகம் சுளிப்பார்கள் என்று கேள்வி. அதில் எனக்குப் பெருமைதான். இந்த ஊரில் படம் என்றால் மெர்ட்டன் பீல், அதாவது நான், சொன்னதுதான் முடிவு, அந்த முடிவை யாரும் மறுத்துப் பேசியதில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன், தொண்ணூற்றிரண்டாம் வருஷ வசந்தத்தில், வெல்மா ஆலி ஒரு படத்தைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு என் சமையலறைக்குள் வந்தாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் மதியச் சாப்பாடு சமைத்தவள். இந்த ஊரில் பாதிப் பேர் அவள் கையால் தின்று வளர்ந்தவர்கள். யாரோ வீட்டைக் காலி செய்து வாசலில் பரப்பி விற்ற சாமான்களுக்கு நடுவே அந்தப் படம் கிடைத்ததாம்.

"கேப்டன், இது எங்க வீடு," என்றாள். "கெட்டில் தீவுல நாங்க இருந்த வீடு. இதோ படகுல நிக்கிறானே, இது எங்கண்ணன் டெல்."

வெல்மா பிறந்தது கெட்டில் தீவில். நான் தபால் கொண்டுபோக ஆரம்பித்தபோது அங்கே ஆள் யாரும் இல்லை, வீடும் எரிந்து போயிருந்தது. அவள் அண்ணன் டெல்பர்ட் பதினேழு வயதில் நண்டுக் கூண்டு இழுக்கப் போய்க் கடலோடு போனவன். அவனுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.

நான் படத்தைப் பார்த்தேன். இடது பக்கம் செங்குத்தான ஒரு பெரிய பாறை, அதன் அடியில் வீடு. வலது ஓரத்தில் துடுப்புப் படகில் நின்றுகொண்டிருக்கும் ஒரு பையன். முன்னால் கரைக்கல்லின் மேல் அப்போதுதான் பிடித்த, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கிற ஒரு தட்டைமீன். கீழே பென்சிலில் தாக்ஸ்பியின் கையெழுத்து.

"படகுல வந்து இறங்கினா உங்க வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"வலது பக்கம். பெரிய பாறைக்குக் கீழ."

"இதுல எந்தப் பக்கம் இருக்கு?"

அவள் குனிந்து பார்த்தாள். "இடது," என்றாள். பிறகு மெதுவாக, "அதான் எனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா வீடு எங்க வீடு, மெர்ட்டன். அந்த ஜன்னல்..."

"ஜன்னல் எல்லா வீட்டுலயும்தான் இருக்கு. பாறை நடந்து போகாது வெல்மா. தாக்ஸ்பி படம் முப்பத்தொண்ணு வச்சிருக்கேன், ஒண்ணுலகூட அந்தம்மா இடம் வலம் மாத்தினது இல்ல. இது வேற தீவு. இல்லைன்னா யாரோ அந்தம்மா பேரைப் போட்டு வரைஞ்சது. இந்த மீனைப் பாரு, கண்ணு தப்பான பக்கத்துல இருக்கு. மீனைச் சாப்பாட்டுத் தட்டுல மட்டும் பார்த்த ஆளு வரைஞ்சிருக்கான்."

"அந்தம்மா வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள் வெல்மா. "எனக்குப் பத்து வயசு. படகுலேருந்து ரெண்டு ஆளு ஒரு பெட்டியில கல்லைத் தூக்கிட்டு வந்தாங்க. தீவு பூராக் கல்லாக் கெடக்கு, இந்தம்மா எதுக்கு இன்னொரு கல்லைக் கொண்டாருதுன்னு எங்கம்மாகூடச் சிரிச்சாங்க."

நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. "யாராவது கல்லைத் தூக்கிக்கிட்டுத் தீவுக்கு வருவாங்களா? அந்தம்மா தாள்ல கோடு போட்டு எடுத்துக்கிட்டு பாஸ்டனுக்குப் போய்த்தான் கல்லுல வரையும். நீ வேற எதையோ நினைச்சுக்கிட்டுச் சொல்றே."

அவள் அதற்குப் பிறகு வாதாடவில்லை. போர்வையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, "தப்பான படம்னா எனக்கெதுக்கு? நீயே வச்சுக்கோ, எதுக்காவது ஆகும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் என் படங்களிலேயே சிறந்த ஈடர் வாத்துப் படத்துக்குச் சட்டம் மாற்றினேன். பின்னால் அடைக்கத் தடித்த தாள் தேவைப்பட்டது. வெல்மாவின் படம் நான்கு விரல் அகலம் கூடுதலாக இருந்ததால் ஓரத்தை வெட்டிவிட்டு வைத்து அடைத்தேன். வேலை கச்சிதமாக முடிந்தது. அதைப் பற்றி அப்புறம் நினைத்ததே இல்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் தேவாலயத்தில் பீன்ஸ் விருந்து. வெல்மா எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டில் பீன்ஸும் பழுப்பு ரொட்டியும் அப்படியே இருந்தன.

"திங்கக்கிழமை டோனா சாமான் ஏத்த லாரியோட வரா," என்றாள். டோனா அவள் மகள், ஓஹையோவில் இருக்கிறாள். "அவகூடப் போயிடறேன். வீட்டை மூடியாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கென்ன, நல்லாத்தானே இருக்கே. டோனா ரெண்டு வருஷமா கூப்பிட்டப்பல்லாம் மாட்டேன்னியே."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. இதுதான் சரியில்ல," என்று நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினாள். "சாவியை எங்க வச்சேன், அடுப்பை அணைச்சேனா, எதுவும் நிச்சயமாச் சொல்ல முடியல. எல்லாருக்கும் வயசானா வர்றதுதான்னு முன்னெல்லாம் நினைச்சுப்பேன். ஆனா எந்த ஊர்ப் பையனையோ படத்துல பார்த்துட்டு எங்கண்ணன்னு சொன்னேனே, அது உனக்கு ஞாபகம் இருக்கில்ல? கூடப் பிறந்தவன் முகத்தையே எவனோ முகத்தோட குழப்பிக்கிட்டா அந்த மூளையை நம்பித் தனியா இருக்க முடியுமா? நீதானே எடுத்துச் சொன்னே. நல்லவேளை சொன்னே."

நான் சொன்னது சரி என்றுதான் அப்போதும் நம்பினேன். ஆனால் சரியான ஒன்றைச் சொல்லி ஒருத்தியை ஊரைவிட்டே கிளப்பிவிட்டேனே என்று மனசு அறுத்தது. கொஞ்சம் இதமாகச் சொல்லியிருக்கலாம், மீனைப் பற்றிக் கிண்டல் செய்யாமலாவது இருந்திருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரன் ஒரு தட்டைமீன் கொடுத்துவிட்டுப் போனான். தொட்டியருகே பலகையில் கிடத்திக் கத்தியை எடுத்தேன். எங்கள் கரையின் இந்த மீனுக்கு இரண்டு கண்ணும் வலது பக்கத்தில்தான். வயிறு நம் பக்கம் இருக்கும்படி கிடத்தினால் தலை வலது கைப்பக்கம் இருக்கும். ஆயிரம் மீன் அறுத்திருக்கிறேன், அது மாறவே மாறாது. வெல்மாவின் படத்தில் தலை இடது பக்கம் இருந்தது.

கத்தி கையிலேயே நின்றுவிட்டது. மீனைக் கண்ணால் பார்க்காதவன் வரைந்தது என்றேனே, அந்தப் படத்தில் மீனின் செதில் ஒவ்வொன்றும், துடுப்பின் ஒவ்வொரு முள்ளும் அப்படியே இருந்ததே. அவ்வளவு பார்த்து வரைந்தவளுக்குக் கண் மட்டுமா தப்பும்? தீவும் இடம் வலமாக இருக்கிறது, மீனும் இடம் வலமாக இருக்கிறது. இரண்டு தப்பில்லை, ஒரே தப்பு.

கல்லச்சில் கல்லின் மேல் வரைந்ததைத் தாளில் ஒற்றி எடுக்கும்போது இடம் வலமாக மாறித்தான் விழும். அதனால் ஓவியர்கள் முதலில் தாளில் வரைந்து, கண்ணாடியில் பார்த்துத் திருப்பிக் கல்லில் போடுவார்கள். தாக்ஸ்பி எப்போதும் அப்படித்தான் செய்தாள். ஆனால் அந்த ஒரு நாள் கல்லையே தீவுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, கண்ணெதிரே கண்டதைக் கண்டபடி நேராகக் கல்லில் வரைந்திருக்கிறாள். பெட்டியில் வந்த கல் அதுதான். முப்பது வருஷமாகக் கல்லச்சு சேர்க்கிறவனிடம் ஒருத்தி வந்து கல்லைப் பார்த்தேன் என்று சொல்கிறாள், அவன் சிரிக்கிறான். என்னை விடப் பெரிய முட்டாள் இந்தக் கரையில் இருந்திருக்க முடியாது.

மீனை அப்படியே போட்டுவிட்டு ஈடர் வாத்துப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். ஆணிகளைப் பிடுங்கிப் பின்தாளை உருவினேன். வீடு இருந்தது, பாறை இருந்தது, மீன் இருந்தது. வலது ஓரத்தில் படகின் மூக்கும் ஒரு கயிறும் மட்டும் இருந்தன. வெட்டிய துண்டைத் தேடி மரப்பட்டறை, பரண், பழைய பெட்டிகள் எல்லாம் கலைத்தேன். மூன்று வருஷக் குளிரில் அது எப்போதோ அடுப்பு பற்ற வைக்கப் போயிருக்கும்.

படத்தை எடுத்துக்கொண்டு வெல்மா வீட்டுக்குப் போனேன். கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். அவள் கண்ணாடிக் கிளாஸ்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். தேவாலயத்துக்குப் போய் வந்த உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"கேப்டன், வழியனுப்ப நாளைக்குத்தானே வரணும்," என்றாள்.

"உன் கண்ணாடி எங்க? முகம் பார்க்கறது."

"இந்த வயசுல உனக்கு அலங்காரம் வேற கேக்குதா?"

நடையில் ஒரு கண்ணாடி இன்னும் கழற்றாமல் இருந்தது. அவள் கையைப் பிடித்து அதன் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தி, படத்தைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன்.

"உள்ள பாரு," என்றேன். "தாள்ல பார்க்காத, கண்ணாடில பாரு."

அவள் பார்த்தாள். கண்ணாடியில் பாறை வலது பக்கம் எழுந்து நின்றது, அதன் கீழே வீடு. அவள் விரலை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டாள்.

"மேல் ஜன்னல் என்னோடது," என்றாள். "வலது பக்கம். நான் சொன்னேன்ல."

"சொன்னே. கல்லைக் கொண்டாந்தாங்கன்னும் சொன்னே. எல்லாமே சரியாச் சொன்னே. நான்தான் தப்பு, வெல்மா. அந்தம்மா அன்னிக்கு நேரா கல்லுலயே வரைஞ்சிருக்காங்க. அதான் மாறி விழுந்திருக்கு. உன் மூளைக்கு ஒண்ணும் இல்ல."

அவள் என் பக்கம் திரும்பவில்லை, கண்ணாடியிலேயே எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"டெல் எங்க?"

"வெட்டிட்டேன்."

"என்ன?"

"சட்டத்துக்குப் பெருசா இருந்துச்சு. ஓரத்தை வெட்டிட்டேன். தேடிப் பார்த்தேன், துண்டு கிடைக்கல."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து கிளாஸ் சுற்றிய செய்தித்தாளை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். அழவில்லை. முகம் கல்லாக இருந்தது.

"மூணு வருஷம்," என்றாள். "ராத்திரி படுத்தா அவன் முகம் வரும். வந்ததும், இது அவன்தானா இல்ல எவனோவான்னு சந்தேகம் வரும். அவன் முகம் வந்தாலே பயமாப் போச்சு எனக்கு. நீ வெட்டினது போனாப் போகுது மெர்ட்டன். அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணினியே, அது பெருசு."

அவள் எழுந்துபோய் டெலிபோனில் எண்ணைச் சுற்றி, "டோனா, இரு," என்று சொல்லி ரிசீவரை என்னிடம் நீட்டினாள். "எங்கிட்ட சொன்னதை அவகிட்டயும் சொல்லு. ஒரு வார்த்தை குறையக் கூடாது."

சொன்னேன். தீவு, மீன், கல், என் சிரிப்பு, கத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் டோனா, "அம்மாகிட்ட குடுங்க," என்றாள்.

வெல்மா வாங்கிக்கொண்டாள். "அடுப்பை அணைக்க மறக்கறேன், ஆமா. அதுக்கு நேரமானா அடிக்கிற ஒரு மணி வாங்கி மாட்டிக்கிறேன். லாரி வேண்டாம்மா. நீ மட்டும் வா, நாலு நாள் இருந்து பாரு, அப்புறம் சொல்லு." டோனா ஏதோ நீளமாகப் பேசினாள். வெல்மா "ம்" கொட்டிக்கொண்டே ஒரு காலால் பெட்டியைச் சுவரோரம் தள்ளினாள்.

போனை வைத்ததும் படத்தைச் சமையலறை மேசையில் விரிக்கச் சொன்னாள். நான் வெட்டிய ஓரத்தை ஒட்டி, வெறும் மேசைப் பலகையில் விரலை வைத்தாள்.

"இங்க நின்னான். உட்காருடான்னு அந்தம்மா சொல்லிச்சு, உட்காரவே இல்ல. படகு ஆடினதுல அவங்களுக்குக் கோவம். அப்பாவோட சட்டையைப் போட்டிருந்தான், கை நீளமா தொங்கும். துடுப்பு ஒண்ணை நிமிர்த்திப் பிடிச்சிருந்தான்." விரல் பலகையில் மேலும் கீழும் நகர்ந்தது. சட்டென்று நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எந்தக் கையில பிடிச்சிருந்தான்? படத்தை நீயும்தானே பார்த்தே, சொல்லு."

இடது என்றுதான் எனக்கு ஞாபகம். தாளில் இடது என்றால் நிஜத்தில் வலது. கணக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது வெல்மா," என்றேன். "நீ சொல்லு."