முன்னால் போன சோற்று வண்டி

எத்மோன் வாயைத் திறந்தால் பாலைவனம்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வண்டி ஓட்டி பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் ‘சொல்தா எத்மோன்’, அதாவது சிப்பாய் எத்மோன், என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காரைக்கால் கடைத்தெருவில் அவர் டீ கிளாஸைக் கையில் எடுத்தால் போதும், ஆப்பிரிக்காவிலிருக்கும் ஜிபுத்தி வந்துவிடும், தஜூரா மலை வந்துவிடும், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் ஏழு லாரிகளோடு எத்மோனும் வந்துவிடுவார். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகியும் அந்த லாரிகள் மட்டும் இன்னும் மலை ஏறிக்கொண்டிருந்தன. கேட்கிறவர்களுக்கும் அலுக்கவில்லை. ஓசியில் மலை பார்க்க யாருக்குக் கசக்கும்?

அந்தக் கதைகளில் வராத ஆள் ஒருத்தி உண்டு. அவர் மனைவி இவோன். ஜிபுத்தியில் பட்டாளத்துப் போக்குவரத்து ஆபீசில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். லாரிகள் கூட்டமாகப் பாலைவன மலைக்குப் புறப்படும் முன் எது முன்னால், எது பின்னால், எங்கே நிற்பது, எத்தனை பீப்பாய் தண்ணீர், எந்த வளைவில் ஆட்களை இறக்கி நடக்கவிடுவது என்று தாள் தாளாக எழுதியது அவள்தான். கையெழுத்துப் போட்டவன் கேப்டன், ஓட்டியவர் எத்மோன். பேரும் அவர்கள் இரண்டு பேருக்கும்தான். இவோனுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. நிறையவே இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. கோட்டுச்சேரிப் பக்கம் சாலை ஒரு பனைமர நீளத்துக்கு அறுத்துக்கொண்டு போனது, பஸ் நின்றது. அடுத்த வீட்டுப் பீர் மைதீன் மரைக்காயர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் மகன் காஜா மைதீனுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பெண் மெஹர் பானு மண்டபத்தூருக்கு அப்பால் கடலோரத் தோப்பில் இருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் நாகப்பட்டினத்தில் காஜாவுக்குச் சிங்கப்பூர்க் கப்பல். அதை விட்டால் கடை வேலை போச்சு. நிக்காஹை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினால் திரும்பி வர இரண்டு வருஷம். அந்தப் பெண் ஏற்கனவே இரண்டு வருஷம் காத்திருந்தவள். போதாக்குறைக்குத் தோப்பில் அரிசி நனைந்து, விறகு நனைந்து, விருந்தாளிகள் மூன்று நாளாகக் கஞ்சி குடிக்கிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. ஆகவே நெய்ச்சோறும் இங்கிருந்தே போயாக வேண்டும். கடல் கொந்தளிப்பில் படகு இறங்காது.

“மாப்பிள்ளைய மட்டும் நடத்திக் கூட்டிட்டுப் போயிடலாமே?” என்று யாரோ கேட்டார்கள்.

“எம் மவன் சேத்துல நடந்து போயி நிக்காஹ் முடிக்கணுமா?” மரைக்காயர் எகிறினார். பிறகு எத்மோன் பக்கம் திரும்பினார். “தம்பி, கடக்கரை மணல்ல வண்டியெ உட்டா என்ன? பாலைவனத்து மலையையே ஏறி எறங்குன ஆளு நீங்க. ஒங்களுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?”

கூடியிருந்தவர்கள் எல்லோரும் எத்மோனைப் பார்த்தார்கள். எத்மோன் மீசையைத் தடவினார். “போயிடலாம்” என்றார். வேறென்ன சொல்வார் மனிதர்?

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மீசை தொங்கிப்போனது. “இவோன், ஒரு தாள் எழுதிக் குடேன்.”

“எழுதுறேன். ஆனா நானும் வருவேன். என் தாள நான்தான் படிப்பேன்.”

“பொம்பள எப்படி...” என்று ஆரம்பித்தவர், அவள் பேனாவை மூடி வைப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை முழுக்க இவோன் கடற்கரையில் இருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஒரு மூங்கில் கழியோடு, பத்து அடிக்கு ஒரு குத்து குத்திப் பார்த்துக்கொண்டே மண்டபத்தூர் தாண்டிப் பெண் வீட்டுத் தோப்பு வரைக்கும் நடந்தாள். எங்கே மணல் இறுகியிருக்கிறது, எங்கே மேலே காய்ந்து உள்ளே கூழாக இருக்கிறது என்று நோட்டில் குறித்தாள். மீன்காரிகளைப் பிடித்துக் கேட்டாள். பாதி வழியில் ஒரு வாய்க்கால் கடலில் விழுகிறது. மதியம் ஒரு மணியை ஒட்டிக் கடல் உள்வாங்கும்போது சற்று மேலே ஏறிக் கடந்தால் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர் என்றார்கள். அந்த இடத்தில் இரண்டு மூங்கிலை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் மரைக்காயர் வீட்டுக் கூடத்தில் தாளைப் படித்தாள். நாலு வண்டி. சக்கரத்துக் காற்றைப் பாதியாக இறக்கிவிட வேண்டும். லாரியில் நாற்பது தென்னமட்டை, இரண்டு பலகை, கயிறு. பின்னால் வருகிறவனை முன்னால் போகிறவன் கண்ணைவிட்டு விடக்கூடாது. அவன் தெரியாவிட்டால் நிற்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள்.

“வரிசை இதுதான். முதல்ல சோத்து வேன். ரெண்டாவது மாப்பிள்ளை கார். மூணாவது சனங்க வர்ற லாரி. கடைசியில எத்மோன் ஓட்டுற ஜீப்.”

கூடத்திலிருந்தவர்கள் மரைக்காயரைத் திரும்பிப் பார்த்தார்கள். சோற்று வேன் என்பது சமையல்கார நெய்னா முகம்மது ஓட்டும் பழைய ஃபோர்டு. நாலு பேர் மாறி மாறிக் கைப்பிடியைச் சுற்றினால்தான் இருமிக்கொண்டு எழுந்திருக்கும். மாப்பிள்ளை காரோ மரைக்காயர் சைகோனிலிருந்து வந்த பணத்தில் வாங்கிய கறுப்பு சித்ரோன். முகம் பார்த்துத் தலை சீவலாம்.

“இவோனம்மா,” என்றார் மரைக்காயர் மெதுவாக, “மாப்பிள்ளை ஊர்வலத்துல மாப்பிள்ளைக்கி முன்னாடி ஒரு ஈ பறக்கக் கூடாது. எங்க வாப்பா காலத்துலேந்து இதான் வழக்கம். நீங்க சோத்து தேக்சாவை முன்னாடி உட்டு எம் மவன பின்னாடி வரச் சொல்றீங்க?”

“நோஞ்சான் வண்டிதாங்க முன்னாடி போகணும், மரைக்காயரே. அது மாட்டிக்கிட்டா பின்னாடி வர்ற மூணு வண்டியும் கண்ணால பாக்கும், தள்ளிவிடும். பலமான வண்டி கடைசியில வரணும். பலமானது முன்னாடி போனா அது போயிட்டே இருக்கும். நோஞ்சான் எங்க படுத்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. தஜூரா மலையில ஒரு தடவை அப்படித்தான் ரெண்டு பேர் தண்ணி இல்லாம செத்தாங்க. அன்னைக்கி வரிசையெ மாத்துனது கேப்டன். நான் எழுதுனது இல்ல.”

மரைக்காயர் எத்மோனைப் பார்த்தார். எத்மோன் கூரையைப் பார்த்தார். “சரிம்மா, சரி” என்றார் மரைக்காயர். அந்தச் ‘சரி’ எப்படிப்பட்டது என்று இவோனுக்கு அப்போதே சந்தேகம்தான்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டார்கள். பிற்பகல் அசர் தொழுகைக்கு முன் நிக்காஹ் முடிய வேண்டும். வேனில் நெய்னா முகம்மதுவுக்குப் பக்கத்தில் இவோன். பின்னால் மூன்று தேக்சா நெய்ச்சோறு. வெயில் முகம் காட்டியிருந்தது. ஈர மணலில் வேன் மெதுமெதுவாக நடந்தது. இரண்டு மைல் ஒரு குறையும் இல்லை. தன் எழுத்து தரையில் ஓடுவதை இவோன் தன் வாழ்நாளில் அன்றுதான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சவுக்குத் தோப்புத் தாண்டியதும் பின்னால் ஹாரன். திரும்பிப் பார்ப்பதற்குள் சித்ரோன் மாலைகள் படபடக்க வேனை முந்திக்கொண்டு சீறியது. முன் சீட்டில் மரைக்காயர் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேனின் பின்புறத்தையும் அதில் ஆடிய கரி பிடித்த தேக்சாவையும் இரண்டு மைல் பார்த்ததே அவருக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது.

“நானும் மிதிக்கவாம்மா?” என்றான் நெய்னா முகம்மது.

“கூடாது. இதே வேகம். லாரி தெரியுதா பாருங்க. தெரியலன்னா நிறுத்துங்க.”

சொல்லிவிட்டு முன் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். கார் மணல்மேட்டில் ஏறி அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. அங்கேதான் வாய்க்கால்.

மேட்டின் மேல் போய் நின்றபோது அவள் பயந்தது அப்படியே இருந்தது. சிவப்புத் துணி கட்டிய இடத்தை விட்டுவிட்டு, பார்க்கப் பளிங்காக இருந்த கடல் ஓரத்தில் சித்ரோன் இறங்கியிருந்தது. வயிறு வரைக்கும் புதைந்து கிடந்தது. மரைக்காயர் முழங்கால் தண்ணீரில் நின்று டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். காஜா மைதீன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் பூச்சரம் தொங்க, ஒன்றும் தெரியாமல் நின்றான். அலை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டிருந்தது.

லாரி வந்தது. அதிலிருந்தவர்கள் ஹோவென்று கீழே ஓடப் பார்த்தார்கள்.

“நில்லுங்க!” என்று இவோன் போட்ட சத்தத்தில் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. “ஒரு வண்டியும் கீழ எறங்கக் கூடாது. மட்டைய எடுங்க. பத்துப் பேரு போதும். எத்மோன், ஜீப்ப மூங்கிலுக்குப் பக்கத்துல நிறுத்துங்க, அங்க தரை கெட்டி. கயித்த அங்கேந்து விடுங்க.”

எத்மோன் உடனே ஜீப்பைத் திருப்பினார். எட்டு வருஷம் அவள் எழுதியபடிதானே ஓட்டினார், அவள் வாயால் கேட்டது மட்டும் இன்றைக்குத்தான். மட்டைகளைச் சக்கரத்தடியில் திணித்தார்கள். ஜீப் உறுமியது. கயிறு விறைத்தது. முதல் இழுப்பில் அசையவில்லை. இரண்டாவதில் சித்ரோன் சேற்றை உமிழ்ந்துகொண்டு பின்பக்கமாக வெளியே வந்தது. முகம் பார்க்கும்படி இருந்த வண்டியை இப்போது யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. முக்கால் மணி நேரம் போயிருந்தது.

“அல்லா காப்பாத்துனான்,” என்றார் மரைக்காயர். தலை நிமிரவில்லை. “நீங்க சொன்னபடியே வர்றோம்மா. ஆனா... மாப்பிள்ளைக்கி முன்னாடி இன்னொரு வண்டி போறத பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா நான் எப்படி மூஞ்சியெ காட்டுவேன்?”

அவர் குரலில் வீம்பு இல்லை. உண்மையான வேதனை இருந்தது. இவோனுக்குப் பாவமாக இருந்தது. வழக்கத்தோடு மல்லுக்கு நிற்க இப்போது நேரமும் இல்லை. காரைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள். பளிச்சென்று தோன்றியது.

“மாப்பிள்ளை வண்டிதானே முன்னாடி போகணும்? போகட்டும். மாப்பிள்ளைய வேன்ல ஏத்துங்க.”

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். “வாப்பா, நெய்ச்சோத்து வாசனையோட போறது கசக்குதா?” என்று வேட்டியைச் சுருட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டான். பையன்கள் சித்ரோனில் இருந்த மாலைகளை அவிழ்த்து வேனின் முகத்தில் கட்டினார்கள். நோஞ்சான் ஃபோர்டுக்கு அப்படியொரு கல்யாணக் களை வந்துவிட்டது.

மூங்கில்களுக்கு நடுவே நாலு வண்டியும் வாய்க்காலைக் கடந்தன. கடைசி மேடுதான் செங்குத்து. பாதியில் வேன் சக்கரம் வெறுமனே சுற்றியது, இருமியது, நின்றது. நெய்னா முகம்மது கண்ணை மூடிக்கொண்டு ஓத ஆரம்பித்தான். இவோன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் எழுதியபடி மூன்று வண்டியும் கண்ணெதிரே இருந்தன. யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. லாரியிலிருந்து முப்பது பேர் குதித்து ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் தலைப்பாகை அவிழ ஓடிவந்து தோள் கொடுத்தவர் மரைக்காயர். “ஏலேலோ” என்று ஒரு தள்ளு. வேன் மேட்டைத் தாண்டிவிட்டது. இரண்டே நிமிஷம்.

அந்தப் பக்கம் தோப்பு தெரிந்தது. மெஹர் பானுவின் வாப்பா மன்சூர் அலி ஊரையே கூட்டிக்கொண்டு மணலில் நின்றார். மாலை போட்ட சோற்று வேனைப் பார்த்ததும் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். உள்ளே மாப்பிள்ளை இருப்பதைப் பார்த்ததும் ஒரே ஆரவாரம். லாரியில் வாழ்த்துப் பைத் பாட ஆரம்பித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அசர் பாங்குக்கு இன்னும் அரை மணி இருந்தது. நிக்காஹ் முடிந்தது, துஆ ஓதினார்கள், பெரிய தட்டுகளில் சஹன் சஹனாகச் சூடான நெய்ச்சோறு இறங்கியது. மூன்று நாள் கஞ்சி குடித்த வாய்கள் பேசக்கூட மறந்து தின்றன. நள்ளிரவுக்கு மேல் கடல் மறுபடி உள்வாங்கும்போது இதே வழியில் திரும்பினால் காஜா காலையில் கப்பலையும் பிடித்துவிடலாம்.

பசி அடங்கியதும் வழக்கம்போல எத்மோனைச் சூழ்ந்துகொண்டார்கள். “மலையே ஏறுனவருக்கு மணல் எம்மாத்திரம்!” என்றார் மன்சூர் அலி. “எப்படிங்க கொண்டாந்தீங்க? மொதல்லேந்து சொல்லுங்க.”

ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும் என்று எல்லோரும் வசதியாக உட்கார்ந்தார்கள். பந்தலின் மறுகோடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்த இவோனும் சோற்றைப் பிசைந்தபடி காதைத் தீட்டிக்கொண்டாள். எத்தனை வருஷமாகக் கேட்கிற கதை.

எத்மோன் மீசையைத் தடவவில்லை.

“நான் ஓட்டுனேங்க, அவ்வளவுதான்,” என்றார். “இன்னைக்கின்னு இல்ல. ஜிபுத்தியில ஏழு லாரி மலை ஏறுனப்பவும் நான் ஓட்டத்தான் ஓட்டுனேன். எல்லாரையும் உசிரோட கொண்டாந்து சேத்தது அவ.”

கையை நீட்டிக் காட்டினார். பந்தல் முழுக்கத் திரும்பியது. மரைக்காயர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்து லாரிக்காரர்கள் முப்பது பேரும் எழுந்து நின்றார்கள். இவோனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று சோற்றில் விழுந்தது. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.