ஒப்படைக்கப்பட்ட கூரை

ஹாஜி நாதிர் ஓர் ஆட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். கூடவே வயதான தாயையும் அழைத்து வந்திருந்தார். அவள் தலையில் துணி சுற்றிய குர்ஆன். எங்கள் பக்தியா மாகாணத்தில் ஒருவன் இப்படி மன்னிப்புக் கேட்டு வந்துவிட்டால், கொலைகாரனாக இருந்தாலும் முடியாது என்று சொல்லக் கூடாது.

ஹாஜி கொலை எதுவும் செய்யவில்லை, இன்னும். அவர் ஒப்பந்தக்காரர். போர் தின்றதைத் திரும்பக் கட்டுகிறோம் என்று அமெரிக்கா அனுப்பிய பணத்தில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டியவர். அவர்கள் நாட்டு மக்களின் வரிப்பணம். அது எங்கே போகிறது என்று பார்க்கக் காபூலில் அவர்களுக்கு ஒரு தணிக்கை அலுவலகம் இருக்கிறது. ஆனால் அங்கிருப்பவர்கள் காவலுக்கு அடுக்கிய மணல்மூட்டையைத் தாண்டி வெளியே வர மாட்டார்கள். அவர்களுக்குக் கண்ணாக, மாதச் சம்பளத்துக்கு, நான்.

முந்தின நாள்தான் போய்ப் பார்த்திருந்தேன். தூணைச் சாவியால் கீறினேன், மாவாக உதிர்ந்தது. வடக்குச் சுவர் மட்டும் உதிரவில்லை. கூரையில் பெயர்ந்த இடத்தில் கம்பி தெரிந்தது. வரைபடத்தில் பெருவிரல் தடிமன், அங்கே சுண்டுவிரல்கூட இல்லை. இரண்டு முழம் பனி விழுந்தால் அந்தக் கூரை தாங்காது. எங்களுக்கு ஜனவரியில் இரண்டு முழம் சாதாரணம். அதன் கீழே பதினொரு கட்டில். அங்கே மருத்துவச்சி என் தங்கை ஸர்மினா.

"இன்ஜினியர் தம்பி, தப்பு நடந்துபோச்சு" என்றார் ஹாஜி. "ரோட்டுல துப்பாக்கி வெச்சிருக்கிறவனுக்கு ஒரு பங்கு, ஆபீசருக்கு ஒரு பங்கு. மிச்சத்துல நான் கம்பி வாங்கறதா, உசிரோட இருக்கறதா?"

"என்கிட்ட ஏன் மன்னிப்பு கேக்கறீங்க? என் பணமா அது? அந்தக் கட்டில்ல படுக்கப்போற பொம்பளைங்ககிட்ட போய்க் கேளுங்க."

"வாய மூடுடா!" அப்பா உள்ளேயிருந்து வந்தார். கிழவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார், குர்ஆனை வாங்கி முத்தமிட்டார். "வாசலுக்கு வந்துட்டாங்க. விஷயம் முடிஞ்சுது."

வாசலிலேயே ஆட்டை அறுத்தார்கள். ஹாஜி எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு, உப்பு அளவாக இருக்கிறது என்று பாராட்டு வேறு சொன்னார். அந்தத் தட்டை அவர் முகத்தில் வீச வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் முப்பத்துநான்கு படங்களோடு அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

நான் அறிக்கை அனுப்பிய செய்தி பத்தே நாளில் ஊருக்கு வந்தது. "இந்த வீட்டோட வாக்கை வித்துட்டே" என்றார் அப்பா. அறுத்த ஆட்டுக்கு ஈடாகச் சந்தையில் ஓர் ஆடு வாங்கி, தானே இழுத்துக்கொண்டு போய் ஹாஜி வீட்டில் கட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு மசூதிக்குப் போவதை நிறுத்திவிட்டார். என்னோடு பேசுவதையும். அறைக்குள் அவர் தனியாகத் தொழுவதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன்.

ஆறு வாரம் கழித்துக் காபூலிலிருந்து பதில் வந்தது. மிக நல்ல வேலையாம். ஆனால் கட்டடம் மார்ச் மாதமே எங்கள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதால் அவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லையாம். அடுத்த காலாண்டு அறிக்கையில் நான் எடுத்த படம் ஒன்று வரும் என்று எழுதியிருந்தார்கள், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து.

எங்கள் அரசு அதிகாரியிடம் போனேன். பச்சைத் தேநீர் கொடுத்தார். "கட்டினது அமெரிக்கா. அவங்களையே கேளுங்க. நாங்க சாவியைத்தான் வாங்கினோம்." அதே ஆஸ்பத்திரிக்குச் சுற்றுச்சுவர் கட்டும் வேலை ஹாஜி நாதிருக்குக் கிடைத்திருப்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஜனவரியில் பனி இறங்கியது. எங்கள் வீடுகளில் பனி விழ விழ ஆண்கள் கூரையேறித் தள்ளிவிடுவார்கள். அந்தக் கூரையில் ஆள் ஏற முடியாது. வேறு வழி தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

நண்பகலில் ஒரு கர்ப்பிணியைக் கழுதை மேல் வைத்துக் கூட்டிவந்தார்கள். வலி கண்டிருந்தது.

"உள்ள போகாதீங்க, கூரை நிக்காது" என்றேன்.

பர்தாவுக்குள்ளிருந்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப உங்க ஆபீஸ் பதில் போடற வரைக்கும் அடக்கி வெச்சுக்கவா?"

ஸர்மினா வெளியே வந்தாள். "அண்ணா, தள்ளு. கர்தேஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற பாதை பனியில மூடிக் கிடக்கு. பனியில பெத்துக்கச் சொல்றியா?"

"மேல பாரு, ஸர்மினா."

"பாத்துட்டேன். வடக்குச் சுவர் மட்டும் உறுதியா இருக்குன்னு நீதானே எழுதினே? கட்டில் எல்லாத்தையும் அந்தச் சுவரோரமா இழுத்துப் போட்டுட்டேன். உன் காகிதத்தால ஊருக்கு நடந்த நல்லது அது ஒண்ணுதான்."

எட்டிப் பார்த்தேன். பதினொரு கட்டிலும் ஒரே சுவரை ஒட்டி நெருக்கிக் கிடந்தன. அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

கூரை முழுவதும் ஒரே வார்ப்பு. இடிந்து இறங்கினால் சுவரோரம் என்று பார்க்காது. அதை அவளிடம் சொல்லாமல் ஒதுங்கி வழிவிட்டேன்.