ஒரு முழுச் சார்ஜ்

கிரிமெட்டித்தென்னத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் கரண்ட் இல்லை என்பதைத் திரும்பத் திரும்ப வந்து பார்த்து உறுதி செய்த பிறகே, அந்த வெளிநாட்டு நிறுவனம் வயரில்லாத ட்ரில் ஒன்றைக் கொடுத்தது. அதன் பெட்டரியைச் சார்ஜ் பண்ணவும் கரண்ட் வேண்டும் என்பது வந்து பார்த்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இருபது குடும்பங்களுக்குப் புது வீடு. சுவர் அவரவர் உழைப்பு. கூரைக்கு இரும்புச் சட்டமும் நீலத் தகரமும் நிறுவனத்தின் அன்பளிப்பு. தகரத்தைச் சட்டத்தோடு பிணைக்க, இரும்பைத் தானே துளைத்துக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூ ஆணிகள் பெட்டிபெட்டியாக வந்தன. சுத்தியலால் அடித்தால் வளையும். கையால் முறுக்கினால் அசையாது. ட்ரில் சொன்னால் மட்டுமே கேட்கும் சாதி.

ட்ரில் கிருஷ்ணகுமாரின் கையில் இருந்தது. பயிற்சிக்கு யார் வருகிறீர்கள் என்று நிறுவனத்து ஐயா கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இவன் ஐயாவைப் பார்த்துச் சிரித்துவிட்டான். யார் எதைக் கேட்டாலும் சிரிப்பது அவனுக்குப் பிறவிக் குணம். காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் அடுத்தவன் கூரையில் ஏறினான். மற்ற எல்லோருடைய கூரையும் முடியும்வரை தன் வீட்டைக் கடைசியாக வைத்தான்.

"மெசினு நம்ம கையிலதானே இருக்கு. நமக்கென்ன அவசரம்" என்றான் மனைவி நிரோஷாவிடம்.

"பந்தி வெக்கிறவனுக்கு எலதான் மிஞ்சும்" என்றாள் அவள்.

அவர்கள் இருந்தது லயத்தில் ஒரே அறையான ஒரு காம்பராவில். பாதி இவர்களுக்கும் மகன் மதுசனுக்கும். மறு பாதி அவனுடைய தம்பிக்கும், புதிதாகக் கல்யாணம் முடித்து வந்த ஷாமிளாவுக்கும். நடுவில் ஒரு பழைய சேலை. ஷாமிளா இருமினால் மதுசன் விழித்துக்கொள்வான். மதுசன் அழுதால் தம்பி வெளியே போய் நிற்பான். புது வீட்டின் கதவை நிரோஷா மாட்டிவிட்டிருந்தாள். கூரை இல்லாத வீட்டுக்குள் தினமும் ஒருமுறை போய், அந்தக் கதவை உள்ளே இருந்து சாத்திப் பார்த்துவிட்டு வருவாள்.

பெட்டரியைச் சார்ஜ் பண்ணும் இடம் தேயிலை ஃபெக்டரி. கொம்பனிக் கரண்ட் கொம்பனிக்கு என்பது ஃபெக்டரியை நடத்தும் டீமேக்கரின் கொள்கை. இருந்தாலும் மனிதாபிமானம் உள்ளவர் என்பதால், தேத்தண்ணி நேரத்தில் கொஞ்சம் ப்ளக்கில் குத்திக்கொள்ள விட்டார். தேத்தண்ணி முடிந்ததும் அவரே வந்து பிடுங்குவார். மாதக்கணக்கில் அந்தப் பெட்டரி இப்படிப் பிழைத்து, கடைசி அயல்வீட்டுக் கூரையின் கடைசித் தகரத்தில் உயிரை விட்டது. அதன் பிறகு எவ்வளவு குத்தினாலும் ஒரு ஆணி பாதி இறங்கும், நிற்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அறிவித்தல் வந்தது. வரும் திங்கட்கிழமை கடைசிப் பரிசோதனை. கூரை முடியாத வீட்டின் சட்டமும் தகரமும் வேறு தோட்டத்துக்குப் போகும்.

பெல்மதுளைச் சந்தியில் றேடியோவும் டோர்ச் லைட்டும் பழுதுபார்க்கும் முஹ்ஸின் நானா, பெட்டரியின் கூட்டைப் பிரித்து, உள்ளே வரிசையாக இருந்த செல்களை ஒவ்வொன்றாக மீட்டரில் பிடித்துப் பார்த்தார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"இது வயசாகிச் சாகல்ல தம்பி. பட்டினில செத்தீக்கி" என்றார். "அர வயித்துக்குச் சோறு, முழு நாளைக்கும் வேல. மனிசனே உழுந்துருவான்."

தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்து கிருஷ்ணகுமார் தலையாட்டினான்.

"புது செல் கொழும்பால வரணும். திங்கக்கெழமைக்குள்ள வராது. தளபாடக் கடக்காரங்க தந்த ரெண்டு செத்த பெட்டரி என்கிட்ட ஈக்கி. அதுல உசிரோட ஈக்கிற செல்லப் பொறுக்கி இதுக்குள்ள போடுறன். முழுச் சார்ஜ் ஒண்டு ஏத்தித் தாறன். ஒங்கட கூரைக்குக் காணும். ஒங்கட கூரைக்கு மட்டும் காணும். வெளங்கினா?"

"வெளங்குது நானா."

"ரெண்டாவது சார்ஜ் புடிக்குமா எண்டு கேக்காதீங்க. அது அல்லாஹ்ட நாட்டம்."

கூலிக்குப் பதிலாக, முஹ்ஸினின் மனைவி மைமூனா மீன் குழம்புக்குக் கேட்டிருந்த கொறுக்காய்ப் புளியை ஒரு பை நிறையக் கொடுத்தான். சனிக்கிழமை வந்தபோது பெட்டரி தயாராக இருந்தது. முஹ்ஸின் ட்ரில்லில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். பிறகு பெட்டரியின் மேல் சிங்களத்தில் எழுதிய தன் கடைப் பில்லை ஒட்டினார்.

"உள்ளுக்கு வயரும் டேப்பும் ஈக்கிற சாமான். ஒங்கட பேரோட பஸ்ல கொண்டு போறீங்க. இது தெரிய ஈக்கட்டும்."

நிரோஷா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். "நேரா வாங்க. எவன் கேட்டாலும் பல்லக் காட்டாதீங்க."

சண்டை வடக்கில் நடந்தாலும் சோதனை எல்லா இடத்திலும் நடந்த காலம் அது. பாலத்தடிச் செக்பொயின்ட்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் ஒருவன் கிருஷ்ணகுமாரின் அடையாள அட்டையைப் பார்த்தான், பெயரைப் பார்த்தான், பையைத் திறந்தான்.

"மே மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

கிருஷ்ணகுமார் நல்ல சிங்களத்தில் விளக்கினான். பில்லையும் காட்டினான். சிப்பாய் பில்லைப் படித்துவிட்டு, உண்மையான ட்ரில் என்றால் ஓட்டிக் காட்டு என்றான். ஓட்டிக் காட்டினான். வெறும் காற்றில் ஓடினால் எப்படி நம்புவது என்று சிப்பாய் யோசித்தான். அப்போது காற்று அடித்தது. காவல் கொட்டிலின் கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"மல்லி" என்றான் சிப்பாய். தம்பி என்று அழைத்தான், மிகவும் அன்பாக.

மாதிரிக்கென்று முஹ்ஸினிடம் கொண்டுபோன ஆணிகள் பைக்குள்ளேயே இருந்தன. கிருஷ்ணகுமார் சிரித்தான். கொட்டிலின் கூரை சுற்றிவர இறுகி முடியும்வரை பஸ் நின்றது. அன்று வேறு யாருடைய பையையும் திறக்கவில்லை. மறுபடி ஏறியபோது ஒரு கிழவர் எழுந்து அவனுக்குச் சீட் கொடுத்தார்.

"தம்பியாலதான் நேரத்தோட வீட்டுக்குப் போறோம்" என்றார்.

அதில் அவனுக்கு ஒரு சந்தோசம் இருக்கவே செய்தது.

தோட்டத்துக்குள் திரும்பும் முடக்கில் தொழிற்சங்கத் தலைவர் பழனியாண்டி குடையோடு நின்றார். பக்கத்தில் இரண்டு இரும்புக் கம்பம். கம்பத்தில் சாய்த்து ஒரு பெயர்ப்பலகை. புதுக் குடியிருப்பின் பெயர் மும்மொழியிலும் இருந்தது. தலைவரின் பெயர் ஒரு மொழியில்தான் இருந்தது, ஆனால் மற்ற மூன்றையும்விடப் பெரிதாக.

"வாப்பா கிருஸ்ணா. பெட்டரிக்கு உசிரு வந்திருச்சாமே."

"வந்திருச்சுங்க தலைவரே. வீட்டு வேலைய முடிச்சிட்டு ஒடனே இத..."

"ஒன் வீடு என்ன ஓடியா போகுது? நாளான்னிக்கு ஐயா வந்தா மொத மொத எதப் பாப்பாரு? போர்டப் பாப்பாரு. போர்டு இல்லாட்டி இது ஒரு ப்ரொஜெக்ட்டே இல்ல. ப்ரொஜெக்ட்டே இல்லங்கும்போது ஒனக்கு மட்டும் ஏது கூர?"

கிருஷ்ணகுமார் ட்ரில்லைப் பார்த்தான்.

"செத்துக் கெடந்தப்ப நான் கேட்டனா? ஒரு வார்த்த கேட்டனா? அப்ப அது ஒன் சாமான். இப்ப அது கொமிட்டி சாமான்" என்றார் தலைவர், வருத்தத்தோடு விளக்கம் சொல்வதுபோல.

பலகை தடித்த இரும்பு. ஒவ்வொரு ஆணியும் முக்கி முனகித்தான் இறங்கியது. முடிந்ததும் தலைவர் தூரத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, இடது மூலை கொஞ்சம் இறக்கம் என்றார். கழற்றி மறுபடி பூட்டினான்.

அடுத்த வளைவில் வெள்ளையம்மா சித்தி வாசலிலேயே காத்திருந்தாள், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு. கோப்பையைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"ஒரே ஒரு ஆணி சாமி. முகட்டுத் தகரம் காத்துக்குத் தூக்குது. ராத்திரியெல்லாம் பேய் பல்லக் கடிக்கிற மாதிரிக் கேக்குது."

ஒரு ஆணி அடித்தான். அந்தப் பக்கம் அழுந்தினால் இந்தப் பக்கம் தூக்கியது. இந்தப் பக்கமும் அடித்தான். அப்படியே கையோடு கையாகக் கொடிக்கம்பிக்கு ஒரு கொக்கி, சாமிப் பலகைக்கு இரண்டு. வெள்ளையம்மா கீழே நின்று, அவனைப் பெற்றவள் என்ன புண்ணியம் செய்தாளோ என்று அக்கம்பக்கம் கேட்கச் சொன்னாள். அக்கம்பக்கம் கேட்டது. கேட்டவர்கள் தத்தம் வீட்டில் எது ஆடுகிறது என்று பார்க்கப் போனார்கள்.

மழையோடு மழையாக அவன் காம்பராவுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது.

"எத்தன பேருக்கு அடிச்சீங்க?" என்றாள் நிரோஷா.

"நல்லா சுத்துது. பாரேன்." விசையை அழுத்திக் காட்டினான். உண்மையிலேயே நன்றாகச் சுற்றியது.

"சுத்துறது தெரியுது. எவ்வளவு மிச்சம்னு தெரியுதா?"

அதுதான் தெரியாது. இந்த வகைப் பெட்டரி கடைசி நிமிடம்வரை முதல் நிமிடம்போலவே வேலை செய்யும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் விழும். களைப்பைக் காட்டிக்கொள்ளத் தெரியாத இனம்.

ஞாயிறு காலை வெயில் வந்தது. தம்பி கீழே இருந்து தகரத்தைத் தூக்கிக் கொடுத்தான், நிரோஷா ஏணியைப் பிடித்தாள், மதுசன் மணலில் விளையாடினான். முதல் தகரம் படிந்தது. இரண்டாவது படிந்தது. மூன்றாவதில் ஆணிகள் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கின. "பாத்தியா" என்று மேலே இருந்து சொன்னான். நான்காவது தகரத்தின் முதல் ஆணி பாதி இறங்கி, ஒரு முனகல் முனகி, நின்றது.

தம்பி தகரத்தைப் பிடித்தபடியே, "விடவா அண்ணே?" என்றான்.

கிருஷ்ணகுமார் ஃபெக்டரிக்கு ஓடினான். ஞாயிறு, பூட்டியிருந்தது. டீமேக்கர் குடும்பத்தோடு இரத்தினபுரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார், சாவி அவர் இடுப்பில் என்றான் காவற்காரன். உள்ளே கரண்ட் இருந்தது. முன் லைட் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது வெள்ளையம்மா சித்தி ஏணியடியில் நின்றாள்.

"கல்லுத் தூக்கி வையி சாமி. நூறு வருசமா கல்லுதான் நம்ம லயத்துக் கூரயப் புடிச்சிருக்கு. ஆணியா புடிச்சிச்சு?"

வேறு வழியும் இல்லை. மூன்று தகரம் ஆணியிலும் மிச்சம் கல்லிலும் நிற்க, கூரை என்று சொல்லக்கூடிய ஒன்று அன்று மாலை அந்த வீட்டின் மேல் இருந்தது. நிரோஷா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் திறக்கவில்லை.

திங்களன்று நிறுவனத்து ஐயா ஜீப்பில் வந்து, பெயர்ப்பலகையின் முன்னால் தலைவரோடு படம் எடுத்துக்கொண்டார். வீடு வீடாகப் பார்த்து, கடைசி வீட்டில் அண்ணாந்து நின்றார்.

"என்ன இது, கல்?"

"காத்துக்குங்க ஐயா."

"ஆணி குடுத்தோமே."

"பெட்டரி எறங்கிருச்சுங்க ஐயா."

"சனிக்கிழமை முழுச் சார்ஜோட கொண்டு வந்ததா தலைவர் சொல்றாரே. பிறகு எப்பிடி இறங்கினது?"

கிருஷ்ணகுமார் தலைவரைப் பார்த்தான், சித்தியைப் பார்த்தான். அவர்களும் அவனைப் பார்த்தார்கள். நல்ல பிள்ளையைப் பெரியவர்கள் பார்க்கும் அந்தப் பிரியத்தோடு.

"நான்தாங்க ஐயா, சும்மா ஓட்டிப் பாத்து எறக்கிட்டேன்" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"பொய்யிங்க ஐயா" என்றாள் நிரோஷா. "ஆமிக்காரனுக்குக் கொட்டில், தலைவருக்கு போர்டு, சித்திக்கு முகடு. எங்களுக்குக் கல்லு."

"பொம்பளப் பேச்சு ஐயா" என்றார் பழனியாண்டி. "பய தங்கமான பய. யார் என்ன கேட்டாலும் இல்லேன்னு சொல்லமாட்டான்."

ஐயா கெட்டவர் அல்ல. தங்கமான பையன் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் கூரை ஆணியில் நிற்க வேண்டும் என்பது விதி. ஆணி இல்லாத கூரையைப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அவனுடைய நல்ல குணத்தைப் படம் எடுக்க வழியில்லை. சாமான் புதன்கிழமை லொறியில் போகும் என்று சொல்லிவிட்டு, வெள்ளையம்மா நீட்டிய தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார்.

ஆணி அடித்த மூன்று தகரத்தையும் சேதமில்லாமல் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றவும் ட்ரில் வேண்டும். ஐயா தோட்டத்துத் துரைக்கு போன் எடுத்தார், துரை டீமேக்கருக்குச் சொன்னார். டீமேக்கர் பெட்டரியைத் தானே வாங்கி, ஒரு இரவு முழுக்க விட்டார். முஹ்ஸின் நானா பயந்தபடி ஆகவில்லை. பொறுக்கிச் சேர்த்த செல்கள் இரண்டாவது சார்ஜையும் பிடித்தன.

அந்த ட்ரில்லைப் பிடிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். கிருஷ்ணகுமார் ஏணியில் ஏறினான். கற்களை இறக்கினான். கல் வைத்த தகரங்கள் சும்மாவே வந்தன. மீதி மூன்றின் ஆணிகள் ஒன்றும் வளையாமல், ஒன்றும் உடையாமல் வெளியே வந்தன. சட்டமும் இறங்கி லொறியில் ஏறியது. லொறிக்காரன்கூட மெச்சினான்.

"நல்லா கழட்டுங்க" என்றாள் நிரோஷா கீழே இருந்து. குரலில் கோபம் இருந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ஓட்ட பெருசாகிறாமப் பாத்துக்கங்க. போற எடத்துல ஒழுகினா நம்மளத்தான் ஏசுவாங்க."

பிறகு மதுசனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஞாயிறு மாலையே புது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சட்டி பானைகளோடு லயத்தை நோக்கி நடந்தாள். அந்த வேலைக்காகத் தோட்டம் அன்று அவனுக்கு ஒரு நாள் கூலிக்குப் பேர் போட்டது. தலைவர் முயற்சி எடுத்துத்தான் அந்தச் சம்பளத்தை வாங்கிக் கொடுத்தாராம், அவரே சொன்னார். ட்ரில்லை அவரிடம் கொடுத்தபோது பெட்டரியில் இன்னும் சார்ஜ் நிறைய இருந்தது.

கிருஷ்ணகுமார் லயத்துக்கு வந்தபோது நிரோஷா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். அவர்கள் போய்விடுவார்கள் என்ற நம்பிக்கையில் ஷாமிளா தன் அலுமாரியை இந்தப் பாதிக்கு நகர்த்தி, சேலையையும் அவிழ்த்து, தோய்த்துக் காயப்போட்டிருந்தாள். இப்போது அவளும் தம்பியும் அலுமாரியைத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சிமெந்துத் தரையில் அது இழுபட்டு வரும் சத்தம் லயம் முழுக்கக் கேட்டது.

உதவிக்கு வரட்டுமா என்று கிருஷ்ணகுமார் கேட்டான்.

"வேணாம் அத்தான்" என்றாள் ஷாமிளா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

உள்ளே இடம் ஆகும்வரை இருவரும் வெளியே நின்றார்கள்.