ஒருவருக்கு விரோதம்

யாராவது சிரித்துக்கொண்டே ஒரு தம்ளர் காபி கொடுத்தால் போதும், இவருக்கு நம்மிடம் என்ன ஆக வேண்டியிருக்கிறது என்று சேஷன் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். ஆயுசெல்லாம் தணிக்கை ஆபீசில் இருந்தவர், அதனால்தான் இப்படி என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. அதெல்லாம் சும்மா. அதே ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, கேட்டவனுக்கெல்லாம் ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். சேஷனின் குணம் சேஷனோடு பிறந்தது.

மலையாள தேசத்தில், ஸ்ரீவராகத்தில் அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்கு இரண்டு பக்கமும் பொதுச்சுவர். செம்பருத்தி பறிக்கிற சாக்கில் இடப்பக்கத்து வீட்டார் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள் என்று சண்டை பிடித்தார். நம் பேச்சைச் சுவரில் காது வைத்துக் கேட்கிறார்கள் என்று வலப்பக்கத்து வீட்டாரோடு மல்லுக்கு நின்றார். இரண்டு வீட்டிலும் பேச்சு நின்றுபோனது. ஒரு வருஷம், கர்க்கடகம் என்கிற ஆடி மாத மழையில் அவர் நூலகத்துக்குப் போயிருந்தபோது மனைவி செண்பகவல்லி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டாரைப் பெயர் சொல்லி அழைத்தாள், கத்தினாள், கடைசியில் அழுதாள். இரண்டு வீட்டுக்கும் கேட்டது. உள்ளே போனால் எதைத் திருட வந்தாய் என்பார் அந்த மனுஷன் என்று பயந்து ஒருவரும் வரவில்லை. சேஷன் திரும்பி வரும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தாள்.

இடுப்பு சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம்தான். கூப்பிட்டால் யாராவது வருகிற இடத்தில் மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். பிள்ளை குட்டி கிடையாது. வீட்டுக்காரரும் வீட்டை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளோடு வேலை பார்த்த ரத்னாபாய் அந்தச் சேதியைக் கொண்டுவந்தாள்.

மலையின்கீழ் என்கிற ஊருக்குப் போகிற வழியில் ஒரு சரிவு நிலம். அதைச் சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு சின்ன வீடு, எல்லாருக்கும் ஒரே கிணறு, நடுவில் பெரிய பொதுச் சமையலறை. ராத்திரிச் சாப்பாடு எல்லாரும் சேர்ந்து, முறை வைத்துச் சமைத்து. கூட்டுக்குடும்பத்தின் சௌகரியம் உண்டு, மாமியார் கிடையாது என்று ரத்னாபாய் சொல்லிச் சிரித்தாள். வீடுகள் இன்னும் எழும்பவில்லை. ஒரு குடும்பத்துக்கு இடம் இருந்தது.

"இவாளுக்கு நம்ம மேல என்னடி இத்தனை கரிசனம்?" என்று அன்றே கேட்டார் சேஷன்.

"ரத்னாவை எனக்கு இருபது வருஷமாத் தெரியும்னா."

"அதுதான் கேக்கறேன். இருபது வருஷமா இல்லாத கரிசனம்."

சும்மா இருக்கவில்லை அவர். தனியாகப் பஸ் ஏறிப் போய் அந்தப் பக்கத்து டீக்கடையில் நூல் விட்டுப் பார்த்தார். வில்லேஜ் ஆபீசில் விசாரித்தார். கிணற்று நீரை மோந்து பார்த்தார். நிலத்தில் வில்லங்கம் இல்லை, தண்ணீரில் வாடை இல்லை, டீக்கடைக்காரனும் அவர்களைப் பற்றி நல்லபடியாகவே சொன்னான். அதன்பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வலுத்தது. ஒரு குறையும் இல்லாத கணக்கைப் போல ஒரு தணிக்கைக்காரனைத் தூங்கவிடாமல் செய்வது வேறொன்றுமில்லை.

சேர விரும்புகிறவர்கள் முதலில் சில மாதம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்து போக வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு. நிலத்திலேயே ஓலை வேய்ந்த ஒரு ஷெட்டில் கூட்டம். நடத்துகிறவன் ஸ்ரீஜித், வீடுகளுக்குப் பிளான் போடுகிற இளம் பொறியாளன். ரத்னாபாயின் கணவர் யோசுவா பாறசாலைப் பக்கத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எப்போதும் சிரித்த முகம். சேஷனுக்கு அந்தச் சிரிப்புதான் முதல் எதிரி.

கூட்டத்தில் சேஷன் வாயைத் திறக்க மாட்டார். அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அவர்களையே குறுக்குக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்பதுதான் அக்கிரகாரத்தில் வளர்ந்த அவருடைய எண்ணம். எல்லாவற்றையும் திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் செண்பகத்தின் காதில் போடுவார். "பொதுச் சமையலறையில மீன் கிடையாதாம். அவா அவா ஆத்துல மீன் அரியற கத்தி இங்கே வராதுன்னு யாரு காவல் இருக்கப் போறா? அந்த யோசுவா ஏன் நல்ல மனையை நமக்கு விட்டுட்டு ஓரத்து மனையை எடுத்துண்டார்? என்னமோ இருக்கு." அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

துலாம் என்கிற ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் சேஷன் தம்பதியின் விஷயம் முடிவுக்கு வந்தது. குடும்பத்துக்கு ஒரு ஓட்டு என்பது அங்கே கிடையாது. ஆள் ஆளாகத்தான் சேர்த்துக்கொள்வார்கள். ஒருவருக்கு விருப்பமில்லை என்றாலும் காரியம் நின்றுவிடும். விருப்பமில்லாதவர் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே காரணம் சொல்லியாக வேண்டும். அகர வரிசைப்படி செண்பகவல்லி முதலில்.

"சேச்சிக்கு எந்தெங்கிலும் சம்சயம் உண்டோ?" என்று ஸ்ரீஜித் கேட்டான். செண்பகவல்லி தன் சந்தேகங்களைத் தாராளமாகக் கேட்டாள். இடுப்பு வலி உள்ளவளுக்கு இந்தச் சரிவில் மழைக்கு வழுக்காதா, முறைச் சமையலில் உடம்பு முடியாத நாளில் என்ன செய்வது, ராத்திரி கூப்பிட்டால் கேட்குமா. படிக்குப் பக்கத்தில் கைப்பிடி வைக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வீடு மணி வைக்க ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் கலந்து பேசுவதற்காக அவள் வெளியே போனாள், உடனே உள்ளே கூப்பிட்டார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். இனி அவளும் அங்கே ஒரு அங்கம், பேச உரிமையுள்ளவள்.

அடுத்து சேஷன். "சாருக்கு சம்சயம்?"

"எனக்கு ஒரு சம்சயமும் இல்லை" என்றார் சேஷன், பெரிய மனுஷத்தனமாக. செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டதை அவர் கவனிக்கவில்லை.

கிணற்றடியில் போய் நின்றார். உடனே கூப்பிடுவார்கள் என்று நினைத்தார், கூப்பிடவில்லை. ஷெட்டுக்குள் தாழ்ந்த குரலில் பேச்சு நடந்தது. யோசுவாவின் குரல் இரண்டு தரம் கேட்டது. நினைத்தேன், அந்தச் சிரிப்பு இதற்குத்தான் என்று சேஷன் பல்லைக் கடித்தார். கூடவே, இவள் மட்டும் உள்ளே, நான் வெளியே என்ற நினைப்பும் வந்தது.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். ஸ்ரீஜித் சங்கடத்தோடு சொன்னான்: "சாரே, ஒராளுக்கு விரோதம் உண்டு."

மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு ஆட்சேபம் என்று மட்டும்தான் பொருள். ஆபீசில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார் சேஷன். ஆனால் அன்றைக்கு அது காதில் தமிழாகத்தான் விழுந்தது. பகை. இந்தக் கூட்டத்தில் அவருக்கு ஒரு பகையாளி. அவர் நேரே யோசுவாவைப் பார்த்தார்.

"விரோதம் உள்ளவா மூஞ்சிக்கு நேரே சொல்லட்டும். அதுதானே உங்க ஏற்பாடு?"

யோசுவா முதல்தடவையாகச் சிரிக்காமல் இருந்தார். "சாரே, நான் விரோதம் ஒண்ணும் சொல்லல்ல. வேண்டாம்னுதான் கெஞ்சினேன், கேக்கல்ல."

"யாரு கேக்கலை?"

"நான்தான்னா" என்றாள் செண்பகவல்லி.

சேஷன் மனைவியின் பக்கம் திரும்பினார். கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. "இதை ஆத்துல பேசிக்கப்படாதா?"

"ஆத்துல நீங்க மட்டும்தானே பேசறேள்" என்றாள். "மீன் கத்தி, ஓரத்து மனை, யோசுவா சாரோட சிரிப்பு, எல்லாம் நித்தியம் என் காதுல விழறது. இவா கேட்டா ஒரு சம்சயமும் இல்லேங்கறேள். இங்கே வந்தப்புறமும் இப்படித்தான் இருப்பேள். ஒவ்வொருத்தரா பேச்சு நிக்கும். நான் மறுபடியும் விழுந்து கிடப்பேன், யாரும் வர மாட்டா. மனசுல உள்ளதை இவா கிட்டயே கேளுங்கோ. கேட்டேள்னா என் விரோதம் தீந்துது. இல்லேன்னா நான் மட்டும் வந்துடறேன்னா. பயமுறுத்தலை. நிஜமாத்தான் சொல்றேன்."

மீன் கத்தியைக் கேட்கத்தான் சேஷன் வாயைத் திறந்தார். அது நாக்கில் வரவில்லை. அந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று கிடந்தது. அது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

"நான் முன்னாடி போயிட்டா இவளை நீங்க எல்லாரும் பாத்துப்பேள். அதுல எனக்குச் சம்சயமில்லை" என்றார். "இவ முன்னாடி போயிட்டா? என்னை யாராவது சாப்பிடக் கூப்பிடுவேளா?"

யாராவது ஒருவர் அவசரமாக, ஐயோ அதெல்லாம் என்ன பேச்சு, கூப்பிடாமல் இருப்போமா என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சேஷன் நம்பியிருக்க மாட்டார், மாலைப் பஸ்ஸிலேயே அதற்கு ஒரு உள்ளர்த்தம் கண்டுபிடித்திருப்பார். ஸ்ரீஜித் ரத்னாபாயைப் பார்த்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ளத சொல்லட்டா சாரே? இப்பம் இருக்கியது போலவே இருந்தா நான் விளிக்க மாட்டேன். செண்பகத்துக்க முகத்துக்காகத்தான் இத்தன நாளும் உங்களுக்குக் காபி தந்தேன்."

சேஷன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் அறைந்தது போல் இருந்தது, வலித்தது. ஆயுசு முழுக்க ஒவ்வொருவர் பேச்சையும் புரட்டிப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தவர். இந்தப் பேச்சுக்குப் பின்பக்கம் இல்லை. இவள் ஒருநாள் சாப்பிட வா என்று கூப்பிட்டால் அது சாப்பிடக் கூப்பிடுவதாகத்தான் இருக்கும்.

"அப்போ சரி" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். "இன்னும் நாலஞ்சு சம்சயம் இருக்கு. கேக்கலாமோ?"

ஸ்ரீஜித் செண்பகவல்லியின் பக்கம் திரும்பினான். அவள் அழுதுகொண்டே, விரோதம் இல்லை என்று தலையை ஆட்டினாள்.