கரையில் கால் வைக்காதவன்

டங்... டங்... டங்...

மூன்று முறை மணி அடித்தது. அவள் போட்டிருந்த மேலங்கியின் பைக்குள் கிடந்த போன்தான். அதற்குள் கை ஒரு நூல் நகர்ந்துவிட்டது. சக்கரத்தில் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸின் ஓரம் பல் போன சீப்பு மாதிரி உதிர்ந்தது.

"போச்சா?" என்றார் முதலாளி, முன்கவுண்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே.

"போச்சுங்க."

"எந்தக் கண்ணு?"

"இடது."

"நல்லவேளை. அந்த அம்மாவுக்கு இடது கண்ணுல பாதிதான் தெரியும். மீதிப் பாதிக்கு மட்டும் லென்ஸ் போட்டா போதுமான்னு கேட்டுப் பாரு."

அவள் சிரிக்கவில்லை. மூன்று முறை மணி அடித்தால் சபை கூடுகிறது என்று அர்த்தம். அவள் காதுக்கு வேண்டியது ஒரே ஒரு மணி. அது அடித்து இன்றோடு நூற்று நாற்பத்தொன்பது நாள் ஆகிறது.

உதிர்ந்த லென்ஸைக் குப்பையில் போட்டாள். டப்பாவிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, சீட்டில் எழுதியிருந்த பவரைச் சரிபார்த்து, நடுவில் சிவப்புப் புள்ளி வைத்தாள். பதினேழு வருஷமாகச் செய்கிற வேலை. மற்றவர்கள் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக அவள் தினமும் எட்டு மணி நேரம் குனிந்தே இருக்கிறாள்.

ஆனால் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஏழாறு என்று ஒரு நாடு. எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம், கிடைக்காது. இருநூற்றுச் சொச்சம் பேர் போனிலும் கம்ப்யூட்டரிலும் எழுதி எழுதியே வாழ்கிற கற்பனை நாடு அது. ஒருவர் 'கதவைத் திறந்தேன்' என்று எழுதினால், இன்னொருவர் 'உள்ளே வந்தேன், மழையில் நனைந்திருந்தேன்' என்று எழுதுவார். மூன்றாமவர் துண்டு கொண்டுவந்து கொடுப்பார். ஏழு ஆறு, ஒரு மலை, அரை டஜன் பூதம், ராஜா கிடையாது. ராஜா இல்லாத நாட்டுக்குச் சட்டம் வேண்டுமே, அதற்காக மூவர் சபை. அந்த மூவரில் அவள் ஒருத்தி.

அங்கே அவள் மணிக்காரி. படகுத்துறையின் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். மூடுபனி இறங்கினால் மணியடித்துப் படகுகளுக்கு வழிகாட்டுவாள். அங்கே ஒரு படகுக்காரர் இருந்தார். நாலு வருஷமாக, தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு, அவள் கடை முடிந்து அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்து செருப்பைக் கழற்றும் நேரத்துக்குச் சரியாகப் போனில் ஒற்றை மணி அடிக்கும். படகு படிக்கட்டோரம் வந்து நின்றுவிட்டது என்று பொருள்.

'இன்று ஆற்றில் உப்புக் கரிக்கிறது, மணிக்காரி. மேலே யாரோ அழுதிருக்கிறார்கள்' என்று எழுதுவார்.

'அழுதவர் விலாசம் கேட்டு வந்தீரா, வெறுங்கையோடு வந்தீரா?' என்று இவள் எழுதுவாள்.

இப்படியே ஒரு மணி நேரம் போகும். அப்புறம் படகு நகர்ந்துவிடும். கீழே அண்ணி தட்டை வைக்கிற சத்தம் கேட்கும்.

படகுக்காரரின் பெயர் தெரியாது, முகம் தெரியாது, குரல் தெரியாது. வெளியுலகப் பேச்சு கூடாது என்பது ஏழாற்றின் கண்டிப்பான சட்டம். அதை எழுதியவளும் அவள்தான். கல்யாணம் என்ற ஒன்று கோர்ட்டில் முறிந்த அதே மாதம், படகுத்துறைக்கு அவள் எழுதிய முதல் வரி இது: 'படகுக்காரன் கரையில் கால் வைக்கலாகாது. வைத்தால் படகு மூழ்கும்.' அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். தினம் வர வேண்டும், ஆனால் பக்கத்தில் வரக்கூடாது. அந்த வரிக்கு ஏழாற்றில் மூன்று உரை உண்டு. சாபம் என்றார்கள் சிலர், சத்தியம் என்றார்கள் சிலர். சும்மா அழகுக்கு எழுதியதுதானே என்றார் ஒரு பூதம். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முதலாளி சாப்பிடப் போனார். அவள் பின்னறையில், கண்ணாடி உறைகள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டாள்.

"மணி அக்கா வந்தாச்சா?" என்றார் புலவர். பேருக்குத்தான் புலவர், ஓட்டுவது குளிர்பதன லாரி. எங்கோ ஓரம்கட்டி நிறுத்தியிருந்தார். "சீக்கிரம் முடிங்க. பின்னாடி எட்டு டன் மீன் இருக்கு. அது என்னை மாதிரி பொறுமைசாலி இல்ல."

"இங்க முப்பது குழந்தைங்க தூங்குது, மெதுவாப் பேசுங்க" என்றது இன்னொரு குரல். அது ஜட்ஜம்மா. மழலையர் பள்ளி நடத்துகிறவர். "விஷயம் ஒண்ணுதான். வாசல்ல ஒரு புது ஆள் வந்து மனு போட்டிருக்கார். படகுக்காரர் செத்துட்டதா சபை அறிவிக்கணும்னு கேக்கறார். அதுக்கப்புறம் துறைக்கு நேரா காலியா இருக்கிற வீடு தனக்கு வேணுமாம்."

அவள் ஒலிக்கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

ஏழாற்றின் சட்டம் விசித்திரமானது. முதல் வருஷத்தில் அங்கே யாருக்காவது கோபம் வந்தால் உடனே தன் பாத்திரத்தை மலையிலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டு, அடுத்த வாரம் வேறு பேரில் வந்து பிறப்பார்கள். மாதத்துக்கு ஒன்பது சாவு, பத்துப் பிறப்பு. ஒப்பாரி எழுதியே ஊர் களைத்துப்போனது. அதனால் சபை இரண்டு விதி போட்டது. ஓர் ஆளுக்கு ஒரே உயிர். அந்த உயிரை அவரே போக்கிக்கொள்ளக் கூடாது. தொண்ணூறு நாள் எழுதாமல் இருந்தால் சபைதான் சாவை அறிவிக்கும். ஆனால் நாட்டில் யாராவது ஒருவர் 'நான் காத்திருக்கிறேன்' என்று சொன்னால் முப்பது நாள் தவணை.

அவள் இரண்டு முறை சொல்லிவிட்டாள். நாளை மூன்றாவது முறை.

"எனக்குச் சட்டத்துல ஒரு சந்தேகமும் இல்ல" என்றார் புலவர். "எத்தனை தடவை காத்திருக்கலாம்னு எங்கயும் எழுதல. எழுதாத சட்டத்தை நான் படிக்க மாட்டேன். மணி அக்கா நூறு வருஷம்கூடக் காத்திருக்கலாம்."

"விதி எதுக்கு வந்துச்சுன்னு பாக்க வேணாமா?" ஜட்ஜம்மா விடவில்லை. "நம்ம நூலகக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ போட்டது அது. போனவர் திரும்பி வர வழி விடறதுக்குத்தான். போனவரைக் கட்டிப் போடறதுக்கு இல்ல."

"கட்டிப் போடறாங்களா? ஆளே இல்லாதப்போ யாரைக் கட்டறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஆளே இல்லாதப்போ யாருக்குக் காத்திருக்கறது?"

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் ஏறக்குறைய இதையேதான் கேட்டாள். துவைத்த துணியை மாடிக்குக் கொண்டுவந்தவள், போனை மடியில் வைத்துக்கொண்டு ஏழு மணிக்காக உட்கார்ந்திருந்த இவளைப் பார்த்தாள்.

"யாரு அது, ஏழு மணிக்காரரு?"

"யாருமில்ல அண்ணி."

"யாருமில்லாதவருக்கு யாரும்மா இவ்ளோ நேரம் உட்காருவா? இலவு காத்த கிளியாவது ஒரு மரத்தைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீ எதைப் பாத்துக்கிட்டு இருக்கே?" துணியை மடித்து வைத்துவிட்டு, படியிறங்கும்போது குரலைத் தணித்துக்கொண்டாள். "நல்லவரா இருந்தா வீட்டுக்கு வரச் சொல்லு. உங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்."

வரச் சொல்லு. எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள்.

படகுக்காரர் கடைசியாக எழுதியதை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். 'ஒரே ஒரு நாள், மணிக்காரி. இந்தப் படியில் ஏறி வந்து உங்கள் மணியைத் தொட்டுப் பார்க்கலாமா?' அன்றைக்கு அவள் 'வாங்க' என்று அடித்தாள். அடித்த எழுத்தை ஒவ்வொன்றாக அழித்தாள். 'படகு மூழ்கிவிடும், படகுக்காரரே' என்று எழுதி அனுப்பினாள். சபைக்காரியே சட்டத்தை மீறினால் வேலி பயிரை மேய்ந்த கதையாகிவிடும் என்று தனக்குத்தானே காரணமும் சொல்லிக்கொண்டாள். அதன் பிறகு ஒற்றை மணி அடிக்கவே இல்லை.

உடம்புக்கு என்னவோ ஏதோ என்று முதல் மாதம் பயந்தாள். இரண்டாம் மாதம் கோபப்பட்டாள். அப்புறம் இரண்டும் போய், சாயங்காலம் ஏழு மணி என்பது வீட்டில் ஒரு காலி நாற்காலி மாதிரி ஆகிவிட்டது. யாரும் உட்காரவில்லை. எடுத்து உள்ளே போடவும் மனசில்லை.

"புலவர் தவணை கொடுக்கலாம்ங்கறார். நான் கூடாதுங்கறேன்" என்றார் ஜட்ஜம்மா. "முடிவு உங்க கையில அக்கா. காத்திருக்கறதும் நீங்க, தீர்ப்பு சொல்றதும் நீங்க. அதுவே எனக்குச் சரியாப் படல. ஆனா என்ன செய்ய, சபையே மூணு பேர்தான்."

"மனு போட்டவர் என்ன சொல்றார்னு கேக்க வேணாமா?" என்றாள் அவள்.

அதுவும் சட்டம்தான். வாசலில் நிற்கிறவர் வீடு கேட்டால், ஒரு முறை சபைக்கு முன் வாய்திறந்து பேச வேண்டும். ஒரே ஆள் பத்துப் பெயரில் நுழைந்துவிடாமல் இருக்க ஏற்பாடு.

"வந்து காத்துக்கிட்டுதான் இருக்கார். உள்ள விடறேன்."

ஒரு சின்னச் சத்தம். பின்னணியில் தூரத்தில் இயந்திரம் ஏதோ ஓடியது, சீராக, தையல் மிஷின் மாதிரி.

"வணக்கம்" என்றது ஓர் ஆண் குரல். இளசும் இல்லை, கிழடும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பேரு?" என்றார் புலவர்.

"வாசல்ல நிக்கறவனுக்கு இன்னும் பேரு இல்லீங்களே. உள்ள விட்டா வெச்சுக்கறேன்."

"வாய் இருக்கு. பொழைச்சுக்குவார்" என்று புலவர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று வந்தவன், நாலு வருஷத்து மனுஷனைச் சாகடிக்கச் சொல்கிறான். "படகு வேணும்னா நேராக் கேட்டிருக்கலாமே" என்றாள். "சுத்தி வளைச்சு எதுக்கு?"

அந்தப் பக்கம் மிஷின் மட்டும் ஓடியது.

"படகு வேண்டாங்க."

"வேண்டாமா?"

"அதுல உக்காந்து உக்காந்து முழங்கால் போனதுதான் மிச்சம்னு கேள்வி. எனக்கு வீடு போதும். துறைக்கு நேரா, கதவு ஆத்தைப் பாத்த மாதிரி இருக்கே, அது."

"அந்த வீட்டுக்கும் படகுக்காரருக்கும் என்ன சம்பந்தம்? வீடு சும்மாத்தான் கிடக்கு. அதை வாங்கிக்கிட்டுப் போங்க. அவரு எதுக்குச் சாகணும்?"

"அவரு உயிரோட இருக்கிற வரைக்கும் நான் அந்த வீட்டுக்குள்ள வர முடியாதுங்க. சட்டம் அப்படி."

"எந்தச் சட்டம்?" என்றார் புலவர். "எனக்குத் தெரியாம எந்தச் சட்டம்?"

ஜட்ஜம்மா மட்டும் "ம்..." என்று இழுத்து நிறுத்தினார். அவருக்கு எதுவோ பிடிபட்டிருக்க வேண்டும்.

அவள் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. "அவரு நாளைக்கே திரும்பி வந்தா என்ன பண்ணுவீங்க? வந்து பாத்தா தன்னைப் புதைச்சுட்டாங்கன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் மனசு என்ன பாடுபடும்?"

"அவரு திரும்பிப் படகுல வர மாட்டாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முன்பக்கம் ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது. முதலாளி வந்துவிட்டார். மேசைமேல் சிவப்புப் புள்ளி வைத்த லென்ஸ் அவளுக்காகக் கிடந்தது. இனி இழுத்தடிக்க முடியாது. பேர் இல்லாத ஒருவன் கேட்டான் என்பதற்காக, உலகத்தில் தனக்கென்று மிச்சமிருக்கிற ஒரே ஏழு மணியை அவள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

"சபை கேட்டுக்கட்டும்" என்றாள். எழுந்து நின்றுவிட்டாள், யாரும் பார்க்காவிட்டாலும். "மூணாவது தடவையா சொல்றேன். படகுக்காரருக்காக நான் காத்தி..."

"அதைச் சொல்லாதீங்க" என்றான் அவன்.

சத்தம் போடவில்லை. படகு படியில் உரசாமல் நிற்க ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி, மெதுவாகத்தான் சொன்னான். அவள் வாயிலேயே அந்தச் சொல் பாதியில் நின்றது. அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குச் சொல்லக் கூடாது?"

"நானும் ஒரு நாளாவது கரையில கால் வைக்கணும், மணிக்காரி. நீங்க படகுக்காரனுக்காகக் காத்திருக்கிற வரைக்கும் என்னால வைக்க முடியாது."